மாடி போர்ஷனைச் சொன்னால் வீட்டுவரி ஏறுமா?

கேள்வி: மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். நகராட்சியில் இன்னும் பதியவில்லை. சென்சஸுக்கு வருபவரிடம் அதைச் சொன்னால் வரி ஏறும், வாடகைக்காரர்களுக்கு ஊரில் உள்ள ரேஷன் கார்டும் போய்விடும் என்கிறார்கள். மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்காதீர்கள். சென்சஸ் ஆளையும் வீட்டையும் எண்ணுவதற்கு, வரி போட அல்ல. எழுதிய பதிவை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, சிவில் வழக்கில் சாட்சியமாக வைக்கவும் முடியாது என்கிறது 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. நகராட்சியில் பதியாதது தனிக் கதை; அதை நீங்களே போய்ச் சரிசெய்யுங்கள்.

ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும் சரி, குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். மாடியில் தனிச் சமையல் என்றால் அது தனிக் குடும்பம். உங்கள் குடும்பத்தோடு சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள்.

எனக்குப் பயம் புரோக்கர்கள்மேல்தான். 2011-இல் நான் கணக்கெடுக்கப் போன தெருவில் எனக்கு முன்பே ஒருவன் புகுந்துவிட்டான். படிவத்தைப் பிரித்ததும் ஓர் அம்மா, "நேத்தே ஜெராக்ஸும் இருநூறு ரூபாயும் கொடுத்தாச்சே சார்" என்றார். சென்சஸில் பேர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. ஆதார் ஜெராக்ஸ், வங்கிக் கணக்கு எண் எதுவும் வேண்டாம். வாயால் சொன்னால் போதும். வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கதவைச் சாத்துங்கள்.

பதில் சொல்ல மறுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் ஒரு விலக்கு: கணவர் பேரைச் சொல்லக் கூடாது என்பது வழக்கமானால், மனைவி அதைச் சொல்லத் தேவையில்லை. சட்டத்திலேயே இருக்கிறது. கணவர் இறந்திருந்தாலும் அப்படியே. "முருகன் அப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்ட பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்வோம். அவர்களை அதட்டும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

2021-இல் முடித்திருக்க வேண்டிய வேலை இது. இழுத்து இழுத்து, முதலில் வீட்டுப் பட்டியல், அப்புறம் 2027 மார்ச் 1-ஐ வைத்து ஆள் கணக்கு என்று வந்து நிற்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்குத் தானியம் என்பது இன்னும் 2011 கணக்கில்தான் ஓடுகிறது. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று பத்தாம் வகுப்பு. இந்த லட்சணத்தில் உங்கள் மாடியையும் மறைத்தால், அங்கே இருக்கும் நான்கு பேர் அடுத்த கணக்கு வரைக்கும் எந்த ஊரிலும் இல்லை.