கடலெண்ணெய்ச் சட்டி மேல் பழி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பவர்லூம் ஓட்டுகிறார், ஒல்லி உடம்பு. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 246 என்று வந்திருக்கிறது. நான் கடலெண்ணெயை அள்ளி ஊற்றுவதால்தான் என்கிறார் மாமியார். எண்ணெயை நிறுத்தினால் சரியாகிவிடுமா டாக்டர்? மாமனார் 44 வயதில் மாரடைப்பில் போனவர்.
– பெயர் வேண்டாம், சென்னிமலை

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் அம்மணி. என் கண் அங்கேதான் நின்றது. ஒல்லி உடம்பு, 190-ஐத் தாண்டிய எல்.டி.எல்., அப்பாவுக்குச் சின்ன வயதில் மாரடைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயைச் சந்தேகப்படத்தான் வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தைராய்டு குறைந்தாலும் எண் ஏறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐ உள்ளே இழுக்க, முக்கியமாகக் கல்லீரல் செல்களின் மேல், மடை மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணு 19-ஆவது குரோமோசோமில். அப்பா வழியில் ஒரு பிரதி, அம்மா வழியில் ஒரு பிரதி. ஒன்று பழுதானால் மடைகளில் பாதிதான் வேலை செய்யும்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது, மடை அடைத்துக்கொண்டதால் வயல் காய்கிறது என்று வையுங்கள். வயல்காரர் சும்மா இருப்பாரா? கிணற்று மோட்டாரைப் போடுவார். செல்லும் அப்படித்தான். உள்ளே கொழுப்பு குறைந்தால் ஒரு புரதம் உட்கருவுக்குள் போய், கொழுப்புத் தயாரிக்கும் மரபணுவையும் மடை கட்டும் மரபணுவையும் சேர்த்தே தட்டி எழுப்பும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் தோல் செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். ஊற்றியதும் நல்ல செல்கள் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டன. இரண்டு பிரதியும் பழுதான நோயாளியின் செல்களோ, ஊற்றியது தெரியாத மாதிரி தயாரித்துக்கொண்டே இருந்தன. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

கொழுப்பைக் குறைக்க டாக்டர்கள் தரும் ஸ்டாட்டின் மாத்திரை, செல்லின் சொந்தத் தயாரிப்பான இந்த மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே வறட்சி வந்ததும் செல், மிச்சமிருக்கும் நல்ல பிரதியை வைத்து மடைகளைக் கூட்டிக் கட்டுகிறது. ரத்தத்தில் எண் இறங்குகிறது. வெறும் வயிற்றில் பூண்டு தின்று இதைச் சாதிக்க முடியாது. எண் இறங்கிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ஏறும், ஏனென்றால் மரபணு அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது குதிகாலுக்கு மேலே, நாம் நரம்பு என்று சொல்கிற அந்தத் தசைநாணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். என்னிடம் வந்த லாரி டிரைவர் ஒருவருக்கு அது தேங்காய்நார்க் கயிறு மாதிரி தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தது. செருப்பு வார் உரசுகிறது என்றுதான் வந்தார்! தடிப்பு இல்லை என்றால் நோயும் இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

கடலெண்ணெயை அளவாக ஊற்றுங்கள், அது எல்லோருக்கும் நல்லது. ஆனால் 246-ஐ எண்ணெயை மட்டும் குறைத்து இறக்கிவிட முடியாது. அப்புறம், மாமியாருக்கும் ஒருமுறை பரிசோதனை செய்துவிடுங்கள். அவர் எண் சாதாரணமாக இருந்தால் பழுது மாமனார் வழியில் வந்திருக்கும், உங்கள் சமையல்கட்டு வழியில் அல்ல. குழந்தைகள் இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவருக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து வயதுக்குள் அவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கொழுந்தனார் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.