கணுக்கால் மூட்டு மாற்று: முதல் மூன்று மாதத்தில் எது சகஜம், எது ஆபத்து?

அப்பாவுக்கு வயது 67. கணுக்கால் மூட்டு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. தையல் ஓரம் கறுத்திருக்கிறது, கட்டுத்துணியில் ஒரு ரூபாய் அளவுக்கு நீர்க்கறை. தையல் பிரிக்கும் நாள் வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். அறுவை செய்த மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். உங்கள் சொந்தக் கணுக்காலின் முன்பக்கத் தோலைக் கிள்ளிப் பாருங்கள்: கொழுப்பே இல்லை, அடியில் நேராகத் தசைநாண்தான். வழக்கமாக அந்த இடத்தில்தான் கீறி உள்ளே போகிறோம். கால் கொஞ்சம் வீங்கினாலும் தோல் இழுபட்டு, தையல் ஓரத்துக்கு ரத்தம் குறைந்துவிடும். கறுப்பு மேலோடு நின்றால் கட்டு மாற்றியே ஆற்றிவிடலாம். ஆழத்துக்கு இறங்கினால் கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே திறந்து கழுவ வேண்டும், சிலருக்கு மூட்டையே எடுக்க நேரும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பது அதனால் கடினமாகிவிடும். படுத்திருக்கும்போது கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுவதுதான் இந்த நாட்களில் பெரிய கெடுதல்.

பாதத்தின் மேல்புறம் மரத்துப்போயிருக்கிறது. நரம்பு அறுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தோலுக்கு நேர் கீழே ஓடும் மெல்லிய உணர்வு நரம்பு இழுபட்டிருக்கும். மரத்த இடம் மாதக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். தீயாக எரிந்தாலோ, செருப்பு பட்டாலே சுரீர் என்றாலோ சொல்லுங்கள், மருந்து உண்டு.

மூட்டை மாற்றுவதா, எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கென்றே பிரிட்டனில் டார்வா என்ற ஆய்வு நடந்தது. 50 முதல் 85 வயது வரை 303 பேர். முடிவு 2022இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து இரு தரப்பும் நன்றாகத் தேறியிருந்தார்கள், நடையிலும் வலியிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிக்கல்கள்தான் வேறுபட்டன. புண் ஆறாத தொல்லை மூட்டு மாற்றியவர்களில் 100க்கு 13 பேருக்கு, சேர்த்தவர்களில் 6 பேருக்கு. நரம்புக் காயமும் மாற்றியவர்களுக்கே அதிகம். ரத்தக்கட்டி சேர்த்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல். அவர்களில் 100க்கு 7 பேருக்கு எலும்பு ஒட்டாமல் தொந்தரவும் கொடுத்தது. பாதத்தின் மற்ற மூட்டுகளும் தேய்ந்திருப்பவருக்கு நான் மாற்றுவதையே விரும்புவேன். கடும் உடலுழைப்பு செய்யும் இளைஞருக்கு மாட்டேன்.

எப்போது ஊன்றி நடக்கலாம்?

இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள், எலும்பைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார். மாலையில் வீங்குவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும், பயம் வேண்டாம். ஆனால் நடக்கத் தொடங்கியதும் உள்பக்க எலும்பு முண்டில் திடீர் வலி வந்தால் எக்ஸ்ரே எடுங்கள், அங்கே விரிசல் விடுவதுண்டு. கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது, பீடியும் உண்டு. செய்துகொள்ளலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்து, பாதத்தில் உணர்ச்சியும் சரியாக இருந்தால் யோசிக்கலாம். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத பாதம் என்றால் வேண்டாம். பீடியை முதலில் விடுங்கள், அறுவைத் தேதியை அப்புறம் குறிக்கலாம்.