ஆள் பார்த்து ஓங்கும் கை

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன மாதம் ஸ்கூல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அடித்து உதட்டைக் கிழித்துவிட்டான். அதற்கு ஒரு வாரம் முன்னால் பிளஸ் டூ பையன் ஒருவன் இவனை மைதானத்தில் எல்லார் முன்னாலும் அறைந்தானாம். அப்போது ஒன்றும் பேசாமல் வந்துவிட்டான் என்று இவன் சிநேகிதன் சொன்னான். ஏண்டா அந்தச் சின்னப் பையனை அடித்தாய் என்று கேட்டால், “மனுஷனே மிருகத்துல இருந்து வந்தவன்தாம்மா, சண்டை போடறது இயற்கை, யூடியூப்ல விஞ்ஞானியே சொல்றாங்க” என்கிறான். என் மாமியார், “அவன் தாத்தா ரத்தம், எங்க போகும்” என்கிறார். என் கணவர் தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறார். அவரும் கோபக்காரர்; குடித்தால் கை நீட்டுவார், ஆனால் இப்போது முன்போல இல்லை. கராத்தே கிளாஸில் சேர்த்தால் பையனின் கோபமெல்லாம் வெளியே போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கோவையில் ஹாஸ்டலில் விட்டுவிடு என்கிறான் என் தம்பி. கோபம் நிஜமாகவே ரத்தத்தில் வருவதா? நான் என்ன செய்ய?

பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜன்னல் சீட்டுச் சண்டையைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மைதானத்து அறைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரியவன் அறைந்தபோது உங்கள் மகனின் கை சும்மா இருந்தது. ஒரு வாரம் கழித்து, திருப்பி அடிக்க முடியாத சின்னவன் ஒருவன் அகப்பட்டதும் அதே கை ஓங்கியது. ரத்தம் கொதிப்பதுதான் காரணம் என்றால் அறை வாங்கிய அன்றைக்கே அது கொதித்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரையும் நினைத்துப் பாருங்கள். பேக்டரியில் சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் திட்டிய நாளில் அவர் அங்கே கை நீட்டியிருப்பாரா? குடித்துவிட்டு வரும் இரவில், மார்க்கெட் முனையில் நிற்கும் போலீஸ்காரர் மேல் அந்தக் கை படுமா? வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அது நீள்கிறது. எவ்வளவு போதையிலும் யார் மேல் ஓங்கலாம், யார் மேல் ஓங்கக் கூடாது என்ற கணக்கு அவருக்குத் தப்புவதில்லை. உங்கள் மகனுக்கும் தப்பவில்லை. அந்தக் கணக்கை அவன் எங்கிருந்து படித்தான் என்பதை நாம் பார்க்க வேண்டும்.

அவன் அறிவியலைத் துணைக்கு அழைத்திருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பக்கத்தை அவனிடமும் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் மகன் பார்த்த வீடியோவில் அனேகமாகச் சிம்பன்சிகள் வந்திருக்கும். அதில் பொய் இல்லை. தான்சானியாவில் கோம்பே காட்டில் ஜேன் குடால் ஆராய்ந்துவந்த சிம்பன்சிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1974 முதல் 1978 வரை, பெரிய கூட்டத்து ஆண்கள் பிரிந்துபோன கூட்டத்தைத் தாக்கித் தாக்கி, அந்தச் சின்னக் கூட்டமே இல்லாமல் செய்துவிட்டன. முன்பு ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு இருந்தவைதான் இரண்டும். பிறகு 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பல பத்தாண்டுப் பதிவுகளைத் திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. நேரில் கண்டவை, தடயத்தால் அறிந்தவை, சந்தேகத்துக்கு உரியவை எல்லாம் சேர்த்து 152 கொலைகள். அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்களோ என்னவோ, அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு: வழக்கமாக எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரை மடக்கிய தாக்குதல்கள்தான் அவை. சமபலம் உள்ளவரோடு மோதுவதைச் சிம்பன்சிகூடத் தவிர்க்கிறது. தனக்கு அடிபடாது என்று தெரிந்த இடத்தில்தான் அது கொல்கிறது.

போனபோ என்று இன்னொரு குரங்கினம் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. சிம்பன்சி நமக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தமோ அதுவும் அதே அளவுக்குச் சொந்தம். போனபோ ஆண்களுக்குள்ளும் தள்ளுமுள்ளு உண்டு, ஆனால் அதே ஆய்வில் அவற்றின் பெயரில் பதிவானது சந்தேகத்துக்கு உரிய ஒரே ஒரு சாவு. இரண்டு சொந்தக்காரர்களில் ஒருவரை மட்டும் காட்டி இதுதான் நம் இயற்கை என்று சொல்வது சரியில்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1,024 பாலூட்டி இனங்களின் மரணங்களை ஒப்பிட்டு ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். பாலூட்டிகளில் தன் இனத்தாலேயே கொல்லப்படுவது நூற்றுக்கு அரைகூட இல்லை. மனிதன் வந்த வம்சாவழியை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு என்று எதிர்பார்க்கலாம் என்றது அந்த ஆய்வு. ஆக, இது நமக்கு முன்னோரிடமிருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு இரண்டாகவே நிற்கவில்லை. சில காலங்களில் பல மடங்கு ஏறியது. சட்டமும் நீதிமன்றமும் வேலை செய்கிற இன்றைய நாடுகளில் இரண்டுக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கும் நம் உடலமைப்பு அந்த அளவுக்கு மாறிவிடவில்லை. மாறியது வாழ்கிற முறை.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தில் மட்டும் கோபம் இறங்குமா என்றால், அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் டுனெடின் நகரில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. மூளையில் சில ரசாயனங்களைச் சிதைக்கும் ஒரு மரபணு சிலருக்கு மந்தமாக இருக்கும். அப்படிப்பட்ட ஆண் குழந்தைகளில், சின்ன வயதில் கொடுமைப்படுத்தப்பட்டவர்கள் வளர்ந்ததும் வன்முறையில் இறங்குவது அதிகமாக இருந்தது என்று 2002இல் எழுதினார்கள். அதே மரபணு இருந்தும் அடி உதை இல்லாமல் வளர்ந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதோடு ஒத்துப்போகவில்லை, எனவே இதை வேதவாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் மரபணுவை மட்டும் பார்த்து ஒரு பையன் இப்படித்தான் ஆவான் என்று சொல்லக்கூடியவர் இன்று யாரும் இல்லை. மாமியார் அவன் காதுபட அந்த வார்த்தையைச் சொல்வதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். பதினாறு வயதில் அதைக் கேட்கிறவன் நம்பிவிடுவான்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் ஆய்வு. கென்யாவில் பபூன் என்கிற பெரிய குரங்குகளை ராபர்ட் சபோல்ஸ்கி பல ஆண்டுகள் கவனித்தார். பபூன் கூட்டத்தில் பெரியவனிடம் அடி வாங்கிய ஆண், திரும்பி அவனோடு மோதாது. தனக்குக் கீழே உள்ள ஒன்றைத் தேடிப் போய் அடிக்கும். அது ஒரு பெண் குரங்கைத் துரத்தும், அந்தப் பெண் குரங்கு ஒரு குட்டியைக் கடிக்கும். அப்படி அடியைத் தனக்குக் கீழே தள்ளிவிட்டவனின் உடலில் மன அழுத்தச் சுரப்பு குறைகிறது என்பதையும் பார்த்தார். அதாவது அந்த அடி அவனுக்கு உண்மையாகவே ஆறுதல் தருகிறது. அதனால்தான் அது இவ்வளவு எளிதில் பழக்கமாகிவிடுகிறது. பேக்டரியில் வாங்கிய திட்டு வீட்டில் உங்கள் மேல் இறங்குவதும், மைதானத்தில் வாங்கிய அறை பஸ்ஸில் ஒரு சின்னப் பையனின் உதட்டில் இறங்குவதும் இதேதான்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன். 1980களில் அந்தப் பபூன்கள் இருந்த பகுதியில் ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் காசநோய் கலந்த இறைச்சி வந்து சேர்ந்தது. சண்டை போட்டு அந்தக் குப்பையில் இடம்பிடித்த முரட்டு ஆண்கள் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போயின. ஆண்களில் ஏறக்குறையப் பாதி. மிஞ்சியவை சாதுவான ஆண்களும், பெண் குரங்குகளும், குட்டிகளும். கூட்டம் அமைதியானது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பபூன் ஆண்கள் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பழைய சாது ஆண்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இருந்த ஆண்கள் எல்லாம் வெளியே, முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்து வந்தவை. அப்படியும் அந்தக் கூட்டத்தில் கீழே உள்ளவர்களைச் சும்மா அடிக்கும் வழக்கம் திரும்பவில்லை. பெண் குரங்குகள் புதிதாக வந்தவனையும் சீக்கிரமே பக்கத்தில் உட்காரவிட்டுப் பேன் பார்த்தன. வந்தவன் இங்கே இப்படித்தான் என்று பழகிக்கொண்டான். குரங்குக்கே இது நடக்கிறது என்பதைப் படித்த நாளிலிருந்து, ‘ரத்தம்’ என்று யாராவது முடிவுகட்டிப் பேசினால் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமைகளையும் உங்கள் மகன் பார்த்திருப்பான். இரண்டு காளைகள் எதிரெதிரே வந்தால் உடனே முட்டிக்கொள்வது அரிது. பக்கவாட்டில் நின்று தோளையும் முதுகு மேட்டையும் காட்டி மெல்ல நடக்கும். பெரும்பாலும் ஒன்று விலகிப் போய்விடும். கோபம் வந்தால் அடித்துத்தான் ஆக வேண்டும் என்று இயற்கையில் எங்கும் விதி இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். “இப்போது முன்போல இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னும் இருக்கிறது. பையனுக்கு நீங்கள் என்ன புத்தி சொன்னாலும், அவன் கண்முன்னால் உங்கள் மேல் ஒரு கை ஓங்கினால் அவன் படிப்பது அதைத்தான். குடிக்காத ஒரு காலையில், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு உங்கள் கணவரிடம் இதைப் பேசுங்கள்: பையன் யாரைப் பார்த்துப் பழகினான் என்று. பிள்ளைக்காகக் கேட்கும்போது காது கொடுக்கும் ஆண்கள் உண்டு. அவர் கேட்கவில்லை என்றாலோ, பேசவே உங்களுக்குப் பயமாக இருந்தாலோ, 181 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான இலவச உதவி எண் அது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்று இதற்காகவே ஓர் அதிகாரியும் இருக்கிறார். குடியை நிறுத்த உங்கள் கணவருக்கு மனமிருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கராத்தே கற்றுக்கொள்ளட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் கோபத்தை வெளியே விட அது வழி என்று நினைக்காதீர்கள். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களையும், சும்மா உட்கார்ந்திருந்தவர்களையும் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடியிருந்தது.

மகனிடம் முதலில் ஜன்னல் சீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். “அன்னிக்கு மைதானத்துல உன்னை அறைஞ்சானாமே, வலிச்சுதாடா?” என்று கேளுங்கள். அவன் உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கும் அவமானம் அது. அழுதாலும் அழட்டும், கத்தினாலும் கத்தட்டும். பிறகு ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்து அந்தப் பெரிய பையன் விஷயத்தையும் சொல்லுங்கள். கீழே அடித்தவனை மட்டும் கண்டித்து மேலே அடித்தவனை விட்டுவிட்டால் பள்ளிக்கூடமும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது.

இதனால் உங்கள் மகன் செய்தது சரியாகிவிடாது. அந்தச் சின்னப் பையன் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பேச வேண்டாம், அவனே மன்னிப்புக் கேட்கட்டும். ஆத்திரத்தை அடக்கும் மூளைப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகும் என்கிறார்கள். அதனால்தான் இந்த வயதில் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மாதம் அந்தப் பையனுக்கே ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பான், பரவாயில்லை.

ஹாஸ்டல் இப்போது வேண்டாம். அங்கேயும் சீனியர் ஜூனியர் உண்டு. போன முதல் வருடம் இவன் அடி வாங்குவான், மறு வருடம் புதிதாக வருகிறவனை அடிப்பான். வீட்டில் அடி நிற்காமல் போய், ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பையனை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஹாஸ்டல் இடம் இல்லை. நீங்களும் பிள்ளையும் சேர்ந்து வந்தால் தங்க அவர் வீட்டில் ஓர் அறை உண்டா என்று. அதை இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.