அடுத்த பக்கத்தை இயங்குதளம் எப்படி ஊகிக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற முறை வட்டின் வேகத்தைப் பற்றி எழுதும்போது முன்வாசிப்பை, அதாவது கோப்பின் அடுத்த பகுதியைக் கேட்கும் முன்பே வட்டிலிருந்து எடுத்து வைப்பதை, இரண்டே வரிகளில் கடந்துவிட்டேன். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கப் போகிறேன் என்று என் நிரல் எங்குமே சொல்லவில்லை. ஆனாலும் லினக்ஸ் அதைக் கண்டறிந்து அடுத்த பகுதிகளை முன்கூட்டியே எடுத்து வைக்கிறது. எந்த அடையாளத்தைக் கொண்டு?

இந்த ஊகம் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு ஆகும் எட்டு, ஒன்பது மில்லிவிநாடியையும் சேர்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 80 சிதறிய வாசிப்புகளுக்கு மேல் முடியாது. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்கு 320 கிலோபைட்தான் கிடைக்கும். அதே வட்டு வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 150 மெகாபைட்டைத் தாண்டுகிறது. ஊகம் பலித்தால் நானூறு மடங்குக்கு மேல் ஆதாயம் என்னும்போது எந்த இயங்குதளமும் ஊகிக்காமல் இருக்காது.

பழைய முறை மிக எளியது. 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், கடைசியாகப் படித்த கட்டத்தின் (கோப்பு பிரித்து வைக்கப்படும் சிறு துண்டின்) எண், கோப்பைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் ஐநோடில் குறித்து வைக்கப்பட்டது. புதிதாகக் கேட்கப்படும் கட்டம் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டியதாக இருந்தால், அதற்கடுத்த கட்டத்தையும் சேர்த்து வரவழைத்தார்கள். இன்று நாம் செய்வதெல்லாம் இந்த ஒற்றை ஒப்பீட்டின் விரிவாக்கமே.

லினக்ஸில் 2007இல் வந்த 2.6.23 பதிப்பு முதல் இன்றைய முறை வழக்கில் இருக்கிறது. திறந்து வைக்கப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும், முன்வாசிப்புச் சாளரம் (முன்கூட்டியே எடுத்து வைக்கும் பகுதி) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், கடைசியாக எந்த இடத்தில் படிக்கப்பட்டது என்ற சில எண்களை மட்டுமே இயங்குதளத்தின் கருவான கெர்னல் நினைவில் வைக்கிறது. கோப்பின் தொடக்கத்திலிருந்து படித்தால், தொடர்ந்து படிப்பார் என்று நம்புகிறது. முந்தைய வாசிப்பு முடிந்த இடத்திலோ அதற்கடுத்த பக்கத்திலோ (நினைவகத்தைப் பங்கிடும் சிறு அலகு) கை வைத்தாலும், சாளரம் முடியும் இடத்திலேயே கேட்டாலும் அதே முடிவுதான். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், கேட்கப்படும் இடத்துக்கு முன்னால் உள்ள பக்கங்கள் ஏற்கெனவே கேஷில் (படித்ததை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தில்) அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பார்க்கிறது. நான்கு அடி தொடர்ச்சியாக ஈரமாக இருந்தால் யாரோ நடந்து வந்திருக்கிறார் என்று கொள்வதைப் போன்றது இது. எதுவுமே இல்லையென்றால் சிதறல் என்று தீர்மானித்து, கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

நம்பிக்கை வந்தாலும் ஒரேயடியாக அள்ளுவதில்லை. உச்ச அளவு வழக்கமான 128 கிலோபைட் என்றால், 4 கிலோபைட் வாசிப்பு ஒன்று முதலில் 16 கிலோபைட் சாளரத்தைத் திறக்கிறது; அது பலித்தால் 32, பிறகு 64, பிறகு 128 என்று வளர்கிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது குறிப் பக்கம்தான். முன்கூட்டியே எடுத்து வைத்த பக்கங்களில் ஒன்றின்மீது கெர்னல் ஓர் அடையாளம் இடுகிறது. வாசிப்பவர் அந்தப் பக்கத்தைத் தொட்ட கணத்தில், கையிருப்பு தீர்வதற்குள்ளாகவே, அடுத்த சாளரத்துக்கான கோரிக்கை வட்டுக்குப் போய்விடுகிறது. வாழையிலையில் சோறு தீரும் முன்பே அடுத்த கரண்டியோடு வந்து நிற்கும் பரிமாறுபவருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஜார்ஜ்டவுன் வாசகர்: பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை நான்கு இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே கைப்பிடி (கோப்பைத் திறக்கும்போது கிடைக்கும் எண்) வழியாக ஆளுக்கொரு கால்பகுதியாகப் படிக்கின்றன. ஒற்றை இழையில் படித்ததைவிட மெதுவாக இருக்கிறது. முன்வாசிப்பு வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது, ஆனால் யாரைப் பார்த்து ஊகிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. மேலே சொன்ன எண்கள் திறந்த கோப்புக்கு ஒன்றாக வைக்கப்படுகின்றன, இழைக்கு ஒன்றாக அல்ல. முதல் இழை எழுதிய ‘கடைசியாகப் படித்த இடத்தை’ இரண்டாம் இழை அழித்து எழுதுகிறது, அதை மூன்றாவது அழிக்கிறது. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இந்த எண் ஐநோடில் இருந்ததால், தனித்தனியாகத் திறந்த இரண்டு நிரல்கள்கூட ஒன்றையொன்று குழப்பின. லினக்ஸ் அதைத் திறப்புக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டது, உங்கள் நிரலோ நான்கு பேரை மறுபடியும் ஒரே திறப்புக்குள் அடைத்துவிட்டது.

முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. குறி பக்கத்தின்மீதே இருப்பதால் எந்த இழை அதைத் தொட்டாலும் அடுத்த சாளரம் கிளம்பும். கேஷில் உள்ள ஈர அடிகளைப் பார்க்கும் முறையும் சில வாசிப்புகள் கழித்து உதவிக்கு வரும். ஆனால் சாளரத்தின் நீளம் பற்றிய நினைவு அடிக்கடி கலைந்து, மீண்டும் கணக்கிடப்படுகிறது. தீர்வு மிக மலிவானது: ஒவ்வொரு இழையும் கோப்பைத் தனித்தனியாகத் திறக்கட்டும். கைப்பிடியை நகலெடுப்பது போதாது, ஏனெனில் நகல்கள் அதே எண்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கெர்னலுக்குச் சொல்லும் போசிக்ஸ் எஃப்அட்வைஸ் அழைப்பு வழியாகத் ‘தொடர்வரிசை’ என்று அறிவித்தால் லினக்ஸ் அந்தத் திறப்பின் சாளர உச்சத்தை இருமடங்காக்கும். வன்தட்டாக இருந்தால் இவ்வளவும் செய்த பிறகும் ஒற்றை இழை முந்தக்கூடும், நான்கு இடங்களுக்குத் தலை அலைய வேண்டியிருக்கிறதே!

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்கள் சேவையகத்தில் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகள் இரவில் காப்புப் பிரதி எடுக்கின்றன. எல்லாமே வரிசையான வாசிப்பு. ஆனால் பயோபேட்டர்ன் கருவி 90 விழுக்காட்டுக்கு மேல் சிதறல் என்று காட்டுகிறது. கருவி பழுதா?

கருவி பழுதில்லை, கேட்கும் கேள்விதான் வேறு. பத்துமலையின் 272 படிகளுக்கு அருகே ஒருவர் அமர்ந்து, எந்தப் படியில் கால் பட்டது என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்தர் 40, 41, 42 என ஏறுகிறார். இன்னொருவர் 200, 201, 202 என ஏறுகிறார். ஏட்டிலோ 40, 200, 41, 201 என்று பதிவாகிறது. ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு யாரோ மலைமீது தாவிக் குதிப்பதாகத் தோன்றும். பயோபேட்டர்ன் இந்த ஏட்டைத்தான் படிக்கிறது: ஒரு வட்டுக்கு ஒரே ஒரு ‘கடைசி செக்டார்’ (செக்டார் என்பது வட்டின் மிகச் சிறிய பகுதி) எண்ணை வைத்துக்கொண்டு, புதிய கோரிக்கை சரியாக அங்கே தொடங்கினால் தொடர்ச்சி, இல்லையேல் சிதறல் என்று எண்ணுகிறது. கோப்பு, செயல்முறை, மெய்நிகர் கணினி என்ற அடையாளங்கள் எதுவும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

வட்டின் பார்வையில் அது சொல்வது உண்மை என்பதையும் மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு ஒழுங்கான ஓடைகள் கலந்து வந்து சேரும்போது, தலை உண்மையாகவே அலைகிறது. ஆனால் அதற்கு மருந்து, கோரிக்கைகள் பெரிதாக இருப்பது. ஆகவே வட்டின் பயன்பாட்டைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியில் வாசிப்புக் கோரிக்கையின் சராசரி அளவைப் பாருங்கள்: அது 128 கிலோபைட்டை ஒட்டியிருந்தால் மேலே முன்வாசிப்பு நன்றாக நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம், 4 அல்லது 8 கிலோபைட்டிலேயே நின்றால்தான் கவலை. ஓடைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், செயல்முறை எண்ணையும் செக்டாரையும் சேர்த்துக் காட்டும் பயோஸ்னூப் உதவும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம்மில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் வெளியில் ஒரு செயல்முறையாகத்தான் தெரியும்.

வட்டுக் கோரிக்கைகளின் முறையைத் தீர்மானிக்கும் வரிசைப்படுத்தியை மாற்றலாமா என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். வன்தட்டுக்கு லினக்ஸின் பிஎஃப்க்யூ என்ற வரிசைப்படுத்தியை முயன்று பார்ப்பதில் தவறில்லை. அது செயல்முறைவாரியாக வரிசைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடைசி 32 கோரிக்கைகளை ஆளுக்கொரு பிட்டாக நினைவில் வைக்கிறது. முந்தையதிலிருந்து 800 செக்டாருக்கு மேல், அதாவது 400 கிலோபைட்டுக்கு மேல், தள்ளியிருந்தால் மட்டுமே அந்தப் பிட்டுக்கு 1 விழுகிறது. அத்தகைய பிட்டுகள் 19ஐத் தாண்டினால்தான் சிதறல் என்ற முத்திரை. ஓரிரு தாவல்களை மன்னிக்கும் இந்தக் கணக்கு, ஒரே எண்ணை ஒப்பிடும் கணக்கைவிட எவ்வளவோ நிதானமானது.

பட்டர்வொர்த் வாசகர்: அலுவலகக் கோப்புகள் என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக வருகின்றன. வரிசையாகக் கேட்டாலும் சேவையகத்தில் வரிசை குலைந்து போகுமா?

போகும். பயனர் பக்கக் கணினி பல வாசிப்புகளை ஒரே நேரத்தில் அனுப்புகிறது. சேவையகத்தில் பல இழைகள் அவற்றைப் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கின்றன. ஐந்தாவது கோரிக்கை நான்காவதை முந்திவிடுவது அன்றாட நிகழ்ச்சி. 2003இல் டேனியல் எலார்ட், மார்கோ செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இதை ஆராய்ந்து, ‘சறுக்கினால் பூச்சியம்’ என்ற பழைய முறைக்குப் பதிலாக, எதிர்பார்த்த இடத்துக்கு அருகில் வந்தால் நம்பிக்கையைக் குறைக்காமலும், தொலைவில் விழுந்தால் படிப்படியாகக் குறைத்தும் பார்த்தார்கள். ஒரு தடுமாற்றத்துக்காக முழு வரலாற்றையும் அழிக்காதே என்ற அந்த எண்ணமே பிஎஃப்க்யூவின் 32 பிட்டுகளிலும் இருக்கிறது.

செந்தூல் மாணவர்: கோப்பைக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கிப் படித்தால்?

லினக்ஸ் அதைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்வதில்லை. விண்டோஸ் கைப்பிடிவாரியாகக் கடைசி இரண்டு வாசிப்புகளை வைத்துக்கொள்வதால், பின்னோக்கி ஒரே அளவில் நகர்ந்தாலும் கண்டுகொள்கிறது. லினக்ஸில் நீங்களே பெரிய துண்டாகப் படித்து, நினைவகத்துக்குள் பின்னோக்கி நடந்துகொள்ளுங்கள்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: இப்போது எல்லாமே எஸ்எஸ்டி. இந்தக் கண்டறிதலுக்கு இனி என்ன வேலை?

வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018இல் அறிவித்தபோது, உங்கள் ஊரில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். தலையின் அலைச்சல் போய்விட்டது, உண்மை. ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகும் செலவு போகவில்லை. வட்டுக்குள் இணையாக இயங்கும் சில்லுகளுக்கு வேலை கொடுக்க முன்கூட்டியே கேட்டாகவும் வேண்டும். இன்னொரு பயன் இதற்கு நேர் எதிரானது. வன்தட்டுக்கு முன்னால் எஸ்எஸ்டியைக் கேஷாக வைக்கும் பிகேஷ், ஓர் ஓடை 4 மெகாபைட்டைத் தாண்டி வரிசையாகப் போனால் எஸ்எஸ்டியைத் தவிர்த்து நேரே வன்தட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஓடைகள் கலந்து வந்தாலும் இனம்காண, அண்மைய 128 கோரிக்கைகளைக் கவனிக்கிறது. வன்தட்டு நன்றாகச் செய்யும் வேலைக்கு விலையுயர்ந்த இடத்தை ஏன் செலவிட வேண்டும் என்பதே அதன் வாதம். எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

சுங்கை நிபோங் வாசகர்: தரவுத்தளச் சேவையகத்தில் முன்வாசிப்பை 16 மெகாபைட்டாக உயர்த்தலாமா?

பொதுவாக வேண்டாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு அடுக்கான இன்னோடிபி தனக்கென்று ஒரு கண்டறிதலை வைத்திருக்கிறது: 64 பக்கங்கள் கொண்ட தொகுதியில் 56 பக்கங்கள் வரிசையாகப் படிக்கப்பட்டால்தான் அடுத்த தொகுதியை வரவழைக்கும். எந்த அட்டவணையை எவர் படிக்கிறார் என்பதை அறிந்த அடுக்கு அது. கீழே இருக்கும் கெர்னலுக்கு அது தெரியாது. முழு அட்டவணையையும் வாரும் அறிக்கை வேலைகளுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயங்குதளத்தின் முன்வாசிப்பை நம்பியிருந்தால், 1 மெகாபைட் வரை உயர்த்தி அளந்து பாருங்கள். முன்வாசிப்பு அளவை லினக்ஸின் பிளாக்டெவ் கட்டளையில் மாற்றுவதாக இருந்தால், அது 512 பைட் செக்டார்களில் எண்ணுகிறது என்பதை நினைவில் வையுங்கள். 128 கிலோபைட் என்று எண்ணிக்கொண்டு 128 என்று கொடுத்து, பாதி அளவோடு மூன்று வாரம் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. கொடுத்திருக்க வேண்டிய எண் 256.