பயோஃபிலிம் தொற்றுகள்: கேள்வி பதில்

ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரைப் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

சேலம்: அப்பாவுக்கு மூட்டு மாற்றி ஒரு வருடம் ஆகிறது. உள்ளே ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்று. ரிப்போர்ட்டில் மருந்துக்கு ‘சென்சிடிவ்’, அதாவது மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றுதான் இருக்கிறது. ஆனால் மருந்தை நிறுத்தினால் சீழ் திரும்ப வருகிறது. லேப் தப்பா?

லேப் சரிதான். ஆனால் நாங்கள் சோதிப்பது தனித்தனியாக மிதந்து வேகமாகப் பெருகும் கிருமியை. அப்பாவின் மூட்டில் இருப்பது உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை, புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பசைக்குள் கூட்டமாகக் கிடக்கிறது. இந்தப் படலம்தான் பயோஃபிலிம். அடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் பெருகுவதும் குறைவு. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டும்போது கெடுப்பவை. கட்டாமல் சும்மா கிடப்பதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. 1944-லேயே ஜோசப் பிகர் என்ற கிருமி ஆய்வாளர் இதைக் கவனித்தார். பெனிசிலினில் தப்பிய கொஞ்சக் கிருமியை எடுத்து மறுபடி வளர்த்தால், அவற்றின் வாரிசுகள் வழக்கம்போல் பெனிசிலினுக்குச் செத்தன. ஆக, இது மருந்து எதிர்ப்பு இல்லை. படலத்துக்குள் இருப்பதைக் கொல்ல 100, சில சமயம் 1000 மடங்கு மருந்துகூடத் தேவைப்படலாம். அதை உடம்பு தாங்காது.

ஆரம்ப வாரங்களில் தெரிந்திருந்தால் திறந்து கழுவி மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நாள்பட்டுவிட்டால் பெரும்பாலும் கழற்றி மாற்ற வேண்டிவரும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் ஸ்டாஃபிலோகாக்கஸ் படலத்தில் வேலை செய்யும். ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். மாதிரி எடுப்பதற்கு எவ்வளவு நாள் முன்னால் மருந்தை நிறுத்துவது என்று சர்ஜனிடம் கேளுங்கள். முதலில் மாதிரி, அப்புறம் மருந்து.

மதுரை: அம்மாவின் காலில் சர்க்கரைப் புண். பஞ்சால் துடைத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்க) அனுப்பினார்கள், மூன்று கிருமி வந்தது. மூன்றுக்கும் மருந்து வேண்டுமா?

மேலே துடைத்தால் தோலில் குடியிருப்பதும் சேர்ந்து வரும். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அடியிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படலம் சில நாளில் மறுபடி படியும், அதனால் சுத்தம் செய்வதும் ஒரு தடவையோடு முடியாது. காலுக்கு ரத்த ஓட்டம் பார்த்தார்களா? இங்கேயும் அதேதான்: முதலில் மாதிரி.

திருச்சி: மவுத்வாஷ் போட்டால் பல் தேய்க்க வேண்டாமா?

வேண்டும். பல் அழுக்கும் ஒரு படலம்தான். 1680-களில், மைக்ராஸ்கோப்பில் கிருமிகளைப் பார்த்த லேவன்ஹுக் வினிகரால் வாய் கொப்பளித்துப் பார்த்தார். பல் அழுக்கின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டும் செத்தன.

கோவை: படலத்தைக் கரைக்க செரேஷியோபெப்டிடேஸ் என்ற என்சைம் மாத்திரை இருக்கிறதே, ஏன் சொல்லவில்லை?

சோதனைக் குழாயில் கரைகிறது, உண்மை. வாயால் விழுங்கினால் மூட்டில் இருக்கும் படலத்தைக் கரைக்கும் என்பதற்கு நல்ல மருத்துவச் சோதனை ஏதும் நான் பார்த்ததில்லை.

கோவை: நம் ஊரில் பல் டாக்டர் முதல் எலும்பு டாக்டர் வரை எழுதுகிறார்களே! எல்லோரும் முட்டாளா?

அப்படிச் சொல்லவில்லை. வீக்கத்துக்காக எழுதுகிறார்கள். ஆனால் அந்த மருந்து பிறந்த ஜப்பானில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் தெரியாததால் 2011-இல் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஈரோடு: எனக்கு வீக்கம் வடிந்ததே!

பல் பிடுங்கிய வீக்கம் எதுவும் போடாவிட்டாலும் வடியும்.

கோவை: நான் மருந்து கம்பெனியில் இருபது வருடம்…

அதனால்தான் இவ்வளவு ஆர்வம் என்று புரிகிறது. சரி, இதை இங்கே நிறுத்துவோம்.

நெல்லை: தாத்தாவுக்கு யூரின் டியூப். காய்ச்சல் இல்லை, கல்ச்சரில் கிருமி. என்ன மாத்திரை?

நாள்பட்ட டியூபில் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காய்ச்சல், நடுக்கம், புதிதாகக் குழப்பம் எதுவும் இல்லையென்றால் பொதுவாக மாத்திரை வேண்டாம். டியூப் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வேலூர்: டியூப், கல்ச்சரில் கிருமி, காய்ச்சல் இல்லை. எந்த மாத்திரை நல்லது?

மேலே நெல்லைக்காரருக்குச் சொன்னதுதான்.

தஞ்சை: யூரின் டியூப், கல்ச்சரில் கிருமி, இரண்டு நாளாகக் காய்ச்சல். மாமா பழைய மாத்திரை மிச்சம் வைத்திருக்கிறார், போடலாமா?

உங்கள் கதை வேறு. பழைய மாத்திரையைத் தொடாதீர்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, அதிலிருந்து சிறுநீர் பிடிக்கச் சொல்லுங்கள். பையிலிருந்து பிடித்தால் தூக்கி எறியத்தான் வேண்டும்.