டெபாசிஷன் கெடு தள்ளிப் போகுமா? கேள்வி பதில்

இங்கே பேசுவது அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் இருக்கும் இன்ஷூரன்ஸ் வழக்குகளைப் பற்றி மட்டும். டெபாசிஷன் என்றால் ட்ரயலுக்கு முன்பே சாட்சியைச் சத்தியம் செய்யவைத்து வக்கீல்கள் கேள்வி கேட்டுப் பதிவு செய்வது; டிஸ்கவரி என்றால் இப்படி இரு தரப்பும் ஆதாரம் திரட்டும் கட்டம். ரூல் என்று எண்ணோடு வருவதெல்லாம் ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகள்.

கேள்வி: ஆலங்கட்டி மழையில் கூரை போன வழக்கு, டெக்சாஸ். அட்ஜஸ்டரின் (கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) டெபாசிஷன் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. டிஸ்கவரி கெடு முடிய மூன்று வாரம்தான். ஜட்ஜ் நீட்டிப்பாரா?

பதில்: ரூல் 16(பி)(4)படி தகுந்த காரணம் காட்ட வேண்டும், ஜட்ஜ் சம்மதிக்க வேண்டும். உருக்கமாக எழுதிப் பயனில்லை, முயற்சி எடுத்தும் முடியவில்லை என்று தேதியோடு காட்ட வேண்டும். டெக்சாஸ் ஐந்தாம் சர்க்யூட்டில் (ஒரு ஃபெடரல் அப்பீல் கோர்ட்டின் எல்லை) வருவதால் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: ஏன் முடியவில்லை, அந்தச் சாட்சியம் எவ்வளவு முக்கியம், எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு, கூடுதல் அவகாசம் கொடுத்தால் அந்தப் பாதிப்பு சரியாகுமா. முதலாவதிலேயே சறுக்கினால் மற்றவை காப்பாற்றுவது அபூர்வம். அப்புறம், அட்ஜஸ்டர் வெளி நிறுவனத்து ஆளா? அப்படியானால் நோட்டீஸ் போதாது, ரூல் 45 சப்பீனா (கோர்ட் பெயரில் போகும் சம்மன்) வேண்டும். கம்பெனியின் சாதாரண ஊழியருக்கும் இதே கதைதான். சப்பீனாவே அனுப்பாமல் "ஆள் வரவில்லை" என்று மனு போட்டால் ஜட்ஜ் கேட்கும் முதல் கேள்வி எதுவென்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: டெபாசிஷன் எவ்வளவு நேரம்?

பதில்: ஒரு நாள், 7 மணி நேரம். தரப்புக்கு 10 டெபாசிஷன். கூடுதலாக வேண்டுமென்றால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கோர்ட்.

கேள்வி: இரண்டு வக்கீல்களும் ஈமெயிலில் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஜட்ஜ் எதற்கு?

பதில்: ரூல் 29(பி). கெடுவுக்குள் நாள் மாற்ற அது போதும். டிஸ்கவரி முடியும் நாளையே தாண்டினால் கோர்ட் அனுமதி வேண்டும்.

அவரே மறுபடி: எங்கள் வக்கீல் வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: சண்டை வராதவரை ஒன்றும் ஆகாது. சாட்சி வராமல் போகட்டும், அந்த ஈமெயிலை நீட்டி "வரவழையுங்கள்" என்று கோர்ட்டில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர்: அவர் சொல்வதும் சரிதான். டெக்சாஸ் மாநில கோர்ட்டில் ஒப்பந்தம் போதுமே!

பதில்: ஆமாம், மாநில விதி 191.1 அந்த விஷயத்தில் தாராளம்தான். ஆனால் நீங்களும் கம்பெனியும் வேறு வேறு மாநிலம், தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் கம்பெனி வழக்கை ஃபெடரலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். மாநில கோர்ட்டுப் பழக்கத்தோடு அங்கே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம்.

கேள்வி: கேஸுக்கு முன்பே கம்பெனி வக்கீலிடம் சத்தியம் செய்து பதில் சொன்னேன். அதுதானே டெபாசிஷன்?

பதில்: இல்லை. அது பாலிசி நிபந்தனை. டெபாசிஷனுக்கு உங்களை மறுபடியும் கூப்பிடலாம்.

கேள்வி: கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. ஜட்ஜ் நீட்டிப்பாரா?

பதில்: இப்போது ரூல் 6(பி)யும் சேர்ந்துகொள்ளும், தாமதம் மன்னிக்கத்தக்கது என்றும் காட்ட வேண்டும். கெடுவுக்கு முன்பே மனு போடுங்கள், முன்பே.

கேள்வி: ஜட்ஜ் நீட்டிப்பாரா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு டெபாசிஷனுக்காக மட்டும் கேட்கலாமா?

பதில்: அப்படித்தான் கேட்க வேண்டும். சாட்சி யார், எந்த நாள் என்று போட்டு, ட்ரயல் தேதியைத் தொடாமல் கேளுங்கள்.