டெக்சஸில் தனியாகக் காட்டுப்பன்றி வேட்டை: யீஷூன் வாசகருக்குப் பதில்

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பு. டாலஸில் இறங்கி, வாடகைக் காரில் தனியாகத் தெற்கே போய்க் காட்டுப்பன்றி வேட்டையாட ஆசை. என்.எஸ்ஸில் (தேசிய சேவையில்) சுட்டிருக்கிறேன், வேட்டைக்குப் போனதில்லை. போகுமுன் பழகிக்கொள்ள ஜோகூர் தோட்டத்துக்கு நண்பர் கூப்பிடுகிறார், போகலாமா? இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?”

ஜோகூர் வேண்டாம். மலேசியாவில் துப்பாக்கி உரிமம் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே. இன்னொருவர் துப்பாக்கியை நீங்கள் கையில் வைத்திருந்து பிடிபட்டால் 14 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. இதற்கான சட்டம் 1971-லிருந்து இருக்கிறது.

டெக்சஸில் நிலைமை வேறு. பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் பன்றிகள் கிளறிப் போடுவதால் ஆண்டு முழுக்க வேட்டை உண்டு. தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி வேட்டையாட 2019 செப்டம்பர் முதல் மாநில உரிமமே தேவையில்லை. இருந்தாலும் வெளிமாநிலத்தவருக்கான ஐந்து நாள் உரிமத்தை வாங்கிவிடுங்கள், 48 டாலர்தான். காரணம், விசாவில் நுழைந்த வெளிநாட்டவர் துப்பாக்கியைத் தொடுவதையே அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. விசா இல்லாமல் எஸ்டா என்ற இணைய அனுமதியில் போகிறவருக்கும் அந்தத் தாள் சட்டைப்பையில் இருப்பதே பத்திரம். 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பாடமும் முடிக்கவேண்டும், இணையத்திலேயே முடிக்கலாம்.

பிப்ரவரி நல்ல தேர்வு. மான் வேட்டைக் கூட்டம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். குளிர் காலத்தில் பன்றிகள் பகலிலும் மேயும், இறைச்சியும் சீக்கிரம் கெடாது.

நேர வித்தியாசம் 14 மணி. இறங்கிய அன்றே ஸ்டியரிங்கைத் தொடாமல் ஓர் இரவு டாலஸில் தூங்குங்கள். நெரிசலான நெடுஞ்சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது சுலபம், முன்னே போகும் கார் வழிகாட்டும். பெட்ரோல் நிலையத்திலிருந்து ஆளில்லாத கிராமச் சாலையில் திரும்பும்போதுதான் கை பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். இருட்டுமுன் பண்ணையை அடைந்துவிடுங்கள். மானின் கண் விளக்கொளியில் மின்னும். பன்றியின் கண்ணில் அப்படி ஒளியைத் திருப்பும் திரை இல்லை. கறுப்பு உடல், தாழ்ந்த உயரம், அது தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது.

இனி வேட்டை. கார்ப் பயணம் தனியாக இருக்கட்டும், வேட்டைக்கு மட்டும் வழிகாட்டியும் துப்பாக்கியும் தரும் பண்ணையைப் பிடியுங்கள். தனியாள் திணறுவது சுட்ட பிறகுதான். வளர்ந்த ஆண் பன்றி சாதாரணமாக 70 முதல் 100 கிலோ. அதை முள்புதரிலிருந்து ஒற்றை ஆளாய் இழுத்து முடிப்பதற்குள் வயிற்றுச் சூட்டில் இறைச்சி கெடத் தொடங்கும். காயம்பட்ட பன்றி அடர்ந்த புதருக்குள் ஓடினால் அது இன்னும் மோசம். அரை மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். இரவில் தனியாக உள்ளே போகவே கூடாது.

என்.எஸ். பழக்கம் துப்பாக்கிப் பாதுகாப்புக்கு உதவும், குறிக்கு அவ்வளவாக உதவாது. என்.எஸ்ஸில் சுட்ட சார் 21 துப்பாக்கியின் ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) ஒன்றரை மடங்குதான் பெரிதாக்கும், உதையும் மெல்லியது. 308 ரக வேட்டைத் துப்பாக்கி தோளில் பலமாக உதைக்கும். கண்ணை ஸ்கோப்பிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வைக்காவிட்டால் புருவம் கிழியும். முதல் நாள் காலை சாய்மானத்தில் வைத்து 100 கஜத்தில் மூன்று தோட்டா சுட்டுப் பார்க்காமல் வேட்டைக்குக் கிளம்பாதீர்கள்.

எங்கே குறிவைப்பது? மானுக்குச் சொல்லும் ‘தோளுக்குப் பின்னால்’ இங்கே தப்பு. பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னாலும் கீழேயும் இருக்கின்றன. பின்னால் சுட்டால் குடலில் படும், பன்றி ஓடிவிடும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்கோட்டில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தைப் பாருங்கள். கிழட்டு ஆண் பன்றியின் தோளில் கவசம்போல் தடித்த தோல் இருக்கும், அதைத் துளைக்கும் வேட்டைத் தோட்டாவைப் பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் பயங்கரம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக நெருங்குங்கள். குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவே போய் நிற்காதீர்கள்.

வயிற்றைக் கிழிக்குமுன் ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். இரத்தத்தின் வழியே புருசெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றும். ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, துண்டுகளைப் பையிலிட்டு ஐஸ் பெட்டியில் வைத்து, வடிகால் அடைப்பானைத் திறந்தே விடுங்கள். ஐஸ் உருகிய நீரில் இறைச்சி ஊறக்கூடாது. சமைக்கும்போது உள்சூடு 71 டிகிரி செல்சியஸை எட்டவேண்டும். உறைய வைத்தாலே இறைச்சியிலுள்ள ஒட்டுண்ணிப் புழு செத்துவிடும் என்று காட்டு இறைச்சி விஷயத்தில் நம்பாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த இடங்களிலிருந்து வரும் இறைச்சிக்குத்தான் இங்கே வழி, வேட்டையாடியது அந்தக் கணக்கில் வராது. அங்கேயே சாப்பிடுங்கள், மிச்சத்தைப் பண்ணையில் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ விட்டு விட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி வந்தால், பன்றி அறுத்ததை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் புருசெல்லா நினைவுக்கு வராது.

கடைசி இரவு ஹோட்டலில் ஜாக்கெட், பேன்ட், பை எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். சுட்டு முடித்த வெறும் தோட்டாக் கூடுகூட சாங்கி விமான நிலையத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். ஞாபகத்துக்கென்று ஒன்றுகூட வேண்டாம்.